அண்ணா சொல்வது பொய்யா, நோயா?

கேள்வி:

டொக்டர், நாங்கள் திருகோணமலை திருக்கடலூரில் இருக்கிறோம். அண்ணாவுக்கு 54 வயது. சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்தவர். இருபது வயதிலேயே குடி பழகிவிட்டார். கடைசிப் பத்து வருடமாக ஒரு நாள் தவறாமல் அரைப் போத்தல் சாராயம். கையில் காசு இல்லையென்றால் கசிப்பு. இந்த வருடம் தைப்பொங்கலோடு சாப்பாடு விட்டுப்போனது. இரண்டு வாய் சோறு தின்றாலும் சத்தி. மாசியில் முற்றத்தில் விழுந்து தலையில் அடிபட்டது. அதற்குப் பிறகு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்கிறார். தரையிலும் படகில் நிற்பவர் மாதிரிக் காலை அகட்டித்தான் நடக்கிறார்.

பேச்சுத்தான் எங்களுக்கு விளங்கவில்லை. "நேற்று விடிய கடலுக்குப் போனேன், சூரை நல்ல பாடு" என்கிறார். படகு தை மாதத்திலிருந்து கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. எஞ்சினை யாருக்கோ அரை விலைக்குக் கொடுத்துவிட்டார். யாருக்கு என்று கேட்டால், கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பெயர் வருகிறது. செத்து ஆறு வருடமான அப்பாவைத் தேடுகிறார். ஆனால் 2004 சுனாமியன்று யாரை எந்த வீட்டிலிருந்து தூக்கி வந்தார் என்று ஒரு பிசகும் இல்லாமல் சொல்கிறார். "பொய் சொல்லியே பழகின மனுஷன், இப்போது நடிக்கிறார்" என்று அண்ணி திட்டுகிறார். அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை நூல் கட்டி, அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப்போகிறாராம். பக்கத்து வீட்டு அக்கா, தேத்தண்ணியில் கலந்து கொடுக்க ஒரு தூள் இருக்கிறது என்கிறார். அண்ணா உண்மையில் நடிக்கிறாரா? மறதி மாறுமா? அண்ணாவின் மகன், என் 23 வயது மருமகனும் சனி, ஞாயிறில் குடிக்கிறான். குடித்த இரவு நடந்தது ஞாபகம் இல்லை என்கிறான். அதுவும் இதே வருத்தமா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அறையில் பூட்ட வேண்டாம், தூள் கலக்க வேண்டாம், அண்ணாவை இன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும் சம்பூரிலும் இதே கேள்வியோடு இருக்கும் வீடுகளுக்கும் இது பயன்படட்டும்.

அண்ணாவை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரு வைத்திய மாணவன் பரீட்சையில் எழுதும் விடையைப் போலத் தெளிவாக இருக்கிறது. நீண்ட நாள் கடுமையான குடி, வாரக்கணக்கில் சாப்பாடு இல்லை, சத்தி, கண் இரண்டாகத் தெரிகிறது, கால் அகட்டிய நடை, நடக்காததை நடந்ததாகச் சொல்லும் பேச்சு. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் எந்த வைத்தியருக்கும் முதலில் மனதில் வருவது வேர்னிக்கே-கோர்சகோவ் என்ற மூளை வருத்தம். விற்றமின் பி1, அதாவது தயமின், மூளைக்குக் கிடைக்காமல் போவதால் வருவது அது.

இதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதற் கட்டம் வேர்னிக்கே. மனம் குழம்பும், கண் அசைவு தவறும், நடை தள்ளாடும். நாட்கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் முற்றிவிடும். இந்தக் கட்டத்தில் தயமின் ஊசி போட்டால் மூளையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. போடாமல் விட்டால் உயிரே போகலாம். உயிர் தப்பினாலும் இரண்டாம் கட்டமான கோர்சகோவ் வந்து, புதிய ஞாபகங்கள் பதியாமல் போய்விடும். அண்ணா இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறார் போலத் தெரிகிறது. கண் இன்னமும் இரண்டாகத் தெரிகிறது என்றால் முதற் கட்டம் முடியவில்லை, சிகிச்சைக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அந்த அவசரம்.

ஜெர்மன் வைத்தியர் கார்ல் வேர்னிக்கே 1881 இல் முதன்முதலாக எழுதியது மூன்று நோயாளிகளைப் பற்றி. இரண்டு பேர் குடிகாரர்கள். மூன்றாவது ஆள் கந்தக அமிலத்தைக் குடித்துவிட்டு ஓயாமல் சத்தி எடுத்த ஓர் இளம் தையற்காரப் பெண். மூவருமே இறந்துபோனார்கள். குடிக்கே சம்பந்தமில்லாத அந்தப் பெண்ணுக்கும் இதே வருத்தம் ஏன் வந்தது என்பதற்கு அந்தக் காலத்தில் விடை இல்லை. விற்றமின் என்ற ஒன்றே அப்போது தெரியாது. இன்று தெரியும்: அவருடைய வயிற்றில் எதுவும் தங்கவில்லை, பி1 தீர்ந்துவிட்டது. கர்ப்பத்தில் கட்டுமீறிச் சத்தி எடுக்கும் பெண்களுக்குக்கூட இது வருவதுண்டு. அண்ணியிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். "குடித்ததுக்குத் தண்டனை" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் கை எழும்பாது.

சரி, குடிப்பவருக்கு ஏன் பி1 தீர்கிறது? நம் உடம்பு இந்த விற்றமினை அதிகம் சேமிப்பதில்லை. சாப்பாடு நின்றால் சில வாரத்தில் கையிருப்பு முடிந்துவிடும். குடிப்பவர் சாராயத்தின் கலோரியில் நாளை ஓட்டுவதால் பசி தெரியாது. தின்பது கொஞ்சம், அதையும் குடலால் ஒழுங்காக உறிஞ்ச முடியாது, ஈரல் கெட்டிருந்தால் சேமிக்கவும் ஏலாது. அரைப் போத்தல் என்றால் 375 மில்லிலீற்றர். நம் ஊர்ச் சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் என்று வைத்தால், தூய மதுசாரம் மட்டும் கிட்டத்தட்ட 100 கிராம். இங்கிலாந்தின் வைத்திய அதிகாரிகள் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு முழு வாரத்துக்கே அதைத் தாண்ட வேண்டாம் என்று சொன்ன அளவு 14 அலகு, அதாவது 112 கிராம். அந்த நாட்டில் ஒரு கிழமைக்குச் சொன்ன எல்லையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அண்ணா பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் குடித்திருக்கிறார். கசிப்பின் கணக்கை யாராலும் போட ஏலாது. அதில் மெதனோல் கலந்துவிட்டால் கண்பார்வை போகும் ஆபத்து வேறு.

பி1 இல்லாமல் முதலில் அடிபடுவது மூளையின் நடுப்பகுதி. தலமஸ், மாமில்லரி உடலங்கள் என்று பெயர். அன்றாடம் நடப்பதை ஞாபகமாகப் பதிக்கும் வழி இந்த இடங்களின் ஊடாகத்தான் போகிறது. அங்கே சேதம் வந்தால் இன்று காலை தின்ற பாண் பதியாது, நேற்று வந்துபோன தங்கையும் பதிய மாட்டாள். ஆனால் பல வருடத்துக்கு முன்பே பதிந்துவிட்டவை மூளையின் மேற்புறமெங்கும் பரவிக் கிடப்பதால் தப்பிவிடும். சுனாமி நாளை அண்ணா பிசகாமல் சொல்வதும், அப்பா இறந்ததை மறப்பதும் ஒரே காரணத்தால்தான். 2004 நன்றாகப் பதிந்தது. கடைசிச் சில வருடங்கள், குடி முற்றிய காலம், அரைகுறையாகப் பதிந்தவை, அவைதான் முதலில் கழன்றுபோகின்றன.

இனி உங்களுடைய முதல் கேள்வி. நடிக்கிறாரா?

வாட்டில் இந்த நோயாளிகளிடம் நான் வழக்கமாகச் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். கட்டிலருகே இருந்து என் பெயரைச் சொல்லி, கை கொடுத்து, ஊர் நிலவரம் கதைப்பேன். மரியாதையாகப் பேசுவார்கள், பகிடிகூட விடுவார்கள். முதற் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. பிறகு வெளியே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "என்னை முன்பு எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?" என்று கேட்பேன். "ஓம், மூதூர் ஜெட்டியில் கண்டேனே, ஒரு மீன்பெட்டியோடு நின்றீங்கள்" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பதில் வரும். ஐந்து நிமிடத்துக்கு முந்தைய சந்திப்பு அங்கே இல்லை. கேள்வி ஒன்று வந்ததும், இல்லாத இடத்தில் மூளை தன்னிடம் உள்ள ஏதோ ஒரு பழைய துண்டை எடுத்து வைத்துவிடுகிறது. அது இட்டுக்கட்டியது என்று அவருக்கே தெரியாது. பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும், அதை மறைக்க ஒரு காரணமும் இருக்கும். இவருக்கு இரண்டும் இல்லை.

அண்ணா சொல்லும் "சூரை நல்ல பாடு" பெரும்பாலும் உண்மையில் நடந்த ஒன்றுதான். என்றோ ஒரு நாள் விடியற்காலை அவர் அந்தச் சூரையைப் பிடித்திருப்பார். காலம் மட்டும் இடம் மாறிவிட்டது. எஞ்சினை வாங்கியவரின் பெயர் ஒவ்வொரு தடவையும் மாறுவதும் இப்படித்தான்: அவர் அறிந்த பெயர்களில் அந்தக் கணத்தில் வாய்க்கு வருவதைச் சொல்கிறார். மொஸ்கோவில் செர்கே கோர்சகோவ் 1887 இல் இதைத் தன் நோயாளிகளிடம் கண்டு எழுதினார். அறிவாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், சற்று நேரத்தில் அதே கதையைப் புதிதாகச் சொல்வதுபோல மறுபடி சொல்வார்கள் என்பது அவர் கண்ட விடயம்.

அண்ணியின் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இருபது வருடமாக உண்மையான பொய்களைக் கேட்டவர். "இன்றைக்குக் குடிக்கவில்லை", "காசு தொலைந்துபோனது", "நாளையோடு விடுகிறேன்". அந்தப் பொய்களுக்குப் பிறகு இந்தப் பேச்சும் பொய் என்று அவர் நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. அவரைத் திருத்தப் போக வேண்டாம். வைத்தியசாலைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணாவின் கண்ணை வைத்தியர் விரலால் பின்தொடரச் சொல்லும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். விரல் ஓரத்துக்குப் போகும்போது கருவிழி நிற்காமல் துடிக்கும், அல்லது அந்தப் பக்கம் போகவே போகாது. அதை யாராலும் நடித்துக் காட்ட ஏலாது.

ஆனால் எல்லோருக்கும் கண்ணில் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். குழப்பம், கண், நடை மூன்றும் ஒன்றாகத் தெரிவது சிறுபான்மையினரிடம்தான். பலரிடம் வெறும் குழப்பம் மட்டுமே இருக்கும், "இன்னும் வெறி முறியவில்லை" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துக் கண்டுபிடிக்கப்பட்டவை ஏராளம். அதனால்தான், நீண்ட நாள் குடித்து, சாப்பாடு குறைந்து, குழம்பிப்போய் வரும் ஒருவருக்கு, நோய் உறுதியாகும் முன்பே தயமின் ஊசி போடுவது வைத்திய நடைமுறையாகிவிட்டது. மலிவான மருந்து, போட்டதால் கெடுதி வருவது மிக அரிது.

அடுத்து, தலையில் அடிபட்டது. கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுவும் பெரிய விடயம். நீண்ட நாள் குடித்தவரின் மூளை சுருங்கியிருக்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இழுபட்டு நிற்கும் சிறு நாளங்கள் லேசான அடியிலும் அறுந்துவிடும். ஈரல் கெட்டவருக்கு இரத்தம் உறைவதும் தாமதம். இரத்தம் மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடக் குழப்பமாகவும் தூக்க மயக்கமாகவும் வெளிப்படும். சிற்றி ஸ்கான் எடுத்தால்தான் தெரியும், தெரிந்தால் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். அவர் விழுந்ததை வைத்தியரிடம் நீங்களே சொல்ல வேண்டும், அண்ணாவுக்கு அது ஞாபகம் இருக்காது. ஈரல் செயலிழப்பு, இரத்தத்தில் சீனி அல்லது உப்புக் குறைவு, கிருமித் தொற்று இவையும் இதே மாதிரிக் குழப்பத்தைத் தரும். அவற்றை வாட்டில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடம்பு சோர்ந்தால் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போய் ஒரு சேலைன் ஏற்றிக்கொண்டு வருவது. குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்பது பொதுவான நம்பிக்கை. பி1 தீர்ந்துபோன ஒருவருக்கு அதை முதலில் ஏற்றினால் ஆபத்து இருக்கிறது. குளுக்கோஸை எரிப்பதற்கு உடம்புக்குத் தயமின் வேண்டும், இருக்கிற கடைசிச் சொட்டும் அதில் போய்விடும். தயமின் ஊசியை முதலில், அல்லது கூடவே கொடுக்க வேண்டும். எனவே எங்கே போனாலும் முதல் வசனமாக "இவர் பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் குடிப்பவர், மாசக்கணக்கில் சாப்பாடு இல்லை" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு "வயிற்றுக்குச் சரியில்லை" என்று சொல்லிச் சமாளிக்கும் குடும்பங்கள் அநேகம்.

குளிசை போதாதா என்று கேட்பீர்கள். இந்தக் கட்டத்தில் போதாது. கெட்டுப்போன குடல் அதை உறிஞ்சாது. முதலில் நாளத்தின் வழியாகப் பெரிய அளவில் சில நாள், அப்புறம்தான் குளிசை, அது மாதக்கணக்கில் தொடரும். கூடவே மக்னீசியம் குறைந்திருந்தால் அதையும் ஈடுசெய்வார்கள், அது குறைவாக இருந்தால் தயமினும் வேலை செய்யாது.

இனி அம்மாவின் திட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குப் பயம் அதிகம். பத்து வருடம் அரைப் போத்தல் குடித்த ஒருவரை ஒரே நாளில் நிறுத்தி அறையில் பூட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஒரு கடுமையான நிலை வரக்கூடும். காய்ச்சல் ஏறும், இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகவும், செத்தவர்கள் வாசலில் நிற்பதாகவும் சொல்லிக் கத்துவார். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் இறப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பேய் பிடித்ததாகத்தான் தோன்றும். கதவைத் திறக்காமல் மந்திரிக்க ஆள் தேடுவார்கள். வைத்தியசாலையில் டயசிபாம் போன்ற மருந்தை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, இந்தக் கண்டத்தைக் கடத்திவிடுவோம். அநேகமாக ஒரு கிழமை வேலை.

போயா தினத்தில் தவறணை பூட்டியிருக்கும்போது மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் கை நடுங்குகிறவர்களை எல்லோரும் கண்டிருப்போம். அதுவும் இதன் சிறிய வடிவம்தான். கந்தசட்டியில் இன்னும் மோசம். பக்தியோடு ஆறு நாள் குடியையும் விட்டு, சாப்பாட்டையும் விட்டு விரதம் பிடிக்கிறார்கள். பெருங்குடியருக்கு அந்த இரண்டும் ஒன்றாக வருவதைப்போல ஆபத்து வேறில்லை. ஒரு பக்கம் வலிப்பு, மறு பக்கம் பி1 வற்றிப்போவது. விரதத்துக்கு நான் எதிரி இல்லை. அம்மாவின் நேர்த்தியை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பத்திரகாளி அம்மன் முன் கட்டிய நூலை மதித்து வருடக்கணக்காகக் குடிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வந்த பிறகு கட்டுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. அவரை வைத்தியசாலைக்கு அழைத்துப்போக ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தினால், அந்த நேரத்தில் குடியைப் பறித்துச் சண்டை போட வேண்டாம்.

தூள் விடயத்தில் சமரசமே கிடையாது. அதில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. சிலவேளை டைசல்பிராம் என்ற குளிசையைப் பொடித்துக் கொடுப்பார்கள். அது உண்மையான மருந்துதான், நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் குடிப்பவர் அறிந்து, சம்மதித்து, ஈரலைப் பரிசோதித்த பிறகு. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, சத்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் நிற்கும் வரைக்கும் போகலாம். தெரியாமல் குடிப்பவருக்கு அது நஞ்சு. நல்ல எண்ணத்தோடு தங்கை கலந்து கொடுத்த தேத்தண்ணியால் அண்ணாவுக்கு ஒன்று நடந்தால் அந்தப் பாரத்தை நீங்கள் தாங்க மாட்டீர்கள். குடி ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன, மனநலப் பிரிவில் கேளுங்கள்.

மறதி மாறுமா? உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. ஊசி போட்டால் கண் மணிக்கணக்கில், இல்லையென்றால் சில நாளில் தெளியும். நடை சரியாக வாரங்கள், மாதங்கள் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் தள்ளாட்டம் நின்றுவிடும். ஞாபகம்தான் கடைசி. கோர்சகோவ் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் நன்றாகத் தேறுவார்கள், பாதிப் பேர் ஓரளவு, மிச்சக் கால்வாசிக்கு மாற்றம் இருக்காது என்பது வைத்தியத்தில் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்தத் தேறுதல் ஒன்றிரண்டு வருடம் வரைக்கும் நீளும். எல்லாம் ஒரு நிபந்தனையோடுதான்: சொட்டும் குடிக்கக் கூடாது. இந்த நிலைக்கு வந்தவருக்குக் "கொஞ்சமாக" என்ற பேச்சே இல்லை.

பி1 தவிர மதுசாரமே மூளையைக் கெடுக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. முன்மூளை சுருங்குவதால் பொறுப்பும் திட்டமும் போகும். ஆத்திரம் அடக்க முடியாது. அரை விலைக்கு எஞ்சின் போனது ஞாபகக் குறைவால் மட்டும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. பிரான்சில் 2018 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 65 வயதுக்கு முன்பே மறதி நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் மதுசாரச் சிக்கல் இருந்தது தெரியவந்தது. நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதி திரும்பும். குடியை விட்டுச் சில வாரத்திலேயே மூளை மெல்ல நிமிரத் தொடங்குவதை ஸ்கானில் காணலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படி நடத்துவது? கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். "காலையில் என்ன சாப்பிட்டாய், சொல் பார்ப்போம்" என்றால் இன்னொரு கதைதான் பிறக்கும். "அண்ணா, காலையில் இடியப்பம் சாப்பிட்டீங்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சூரை கதை வந்தால் மறுத்துச் சண்டை பிடிக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "சூரை அப்போது நல்ல பாடுதான், எந்தப் பக்கம் வலை போட்டீங்கள்?" என்று பழைய காலத்துக்கே கூட்டிக்கொண்டு போகலாம். அப்பாவைத் தேடும்போது ஒவ்வொரு தடவையும் "அப்பா செத்துப்போய் ஆறு வருடம்" என்று அடித்துச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவு. அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்குங்கள், பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பும். சுவரில் பெரிய நாட்காட்டி, கடந்த நாளை வெட்டிவிடுவது, சாமான்களை ஒரே இடத்தில் வைப்பது, ஒரு கொப்பியில் அன்றன்று நடந்ததை எழுதிப் பக்கத்தில் வைப்பது எல்லாம் உதவும்.

கைப்பழக்கம் அநேகமாக அழிவதில்லை. கை கற்றதை மூளை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. அண்ணாவிடம் கிழிந்த வலையையும் ஊசியையும் கொடுத்துப் பாருங்கள். நேற்றுப் பின்னியது ஞாபகம் இல்லாமலே இன்றைக்கும் முடிச்சுப் பிசகாமல் பின்னக்கூடும். பகல் முழுக்க அவருக்கு ஒரு வேலை இருந்தால் தவறணைப் பக்கம் கால் போவதும் குறையும். கடலுக்கு மட்டும், எவ்வளவு தேறினாலும், தனியே விட வேண்டாம்.

சாப்பாட்டில் தீட்டாத சிவப்பரிசி, பயறு, கௌபி, கடலை. தவிட்டில்தான் பி1 இருக்கிறது. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் போனதைக் கண்டதிலிருந்துதான் இந்த விற்றமினின் கதையே தொடங்குகிறது. 1929 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சோறு ஊசிக்கு மாற்று ஆகாது.

காணி உறுதி, படகின் பதிவு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அண்ணி தன் கையில் எடுக்கட்டும். இந்த நிலையில் இருப்பவர் எதற்கும் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைப்பார். எஞ்சினை வாங்கியவரைக் கண்டுபிடித்தால், அந்த நேரம் அண்ணா எந்த நிலையில் இருந்தார் என்பதற்கு வைத்தியசாலைக் குறிப்பு உதவும். ஒரு சட்டத்தரணியிடம் அதைக் காட்டுங்கள்.

மருமகனுடையது வேறு விடயம். ஒரே மூச்சில் அதிகம் குடிக்கும்போது மூளையின் பதிவு சில மணி நேரம் நின்றுபோகிறது. மதுசாரம் இறங்கியதும் மறுபடி வேலை செய்யும். அந்த இரவு மட்டும் பதியவே இல்லை, அதனால் எப்போதும் திரும்பி வராது. கோர்சகோவ் அல்ல. ஆனால் அப்படி அடிக்கடி நடக்கிறதென்றால் அவன் அளவு தெரியாமல் வேகமாகக் குடிக்கிறான் என்பது நிச்சயம், அதுவும் குடிகாரத் தகப்பனின் மகன். பரம்பரையில் இந்த நாட்டம் ஓரளவு வருவதுண்டு. அவனிடம் நீங்கள் உபதேசம் பண்ணப் போனால் மாமி அலட்டுகிறா என்று எழுந்து போவான். வலிப்போ, எழுப்ப முடியாத மயக்கமோ வந்தால் அண்ணாவுக்கு 1990 அம்புலன்ஸை அழைக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள், அது இலவசச் சேவை. வாட்டில் தகப்பனுக்குத் துணையாக ஓர் இரவு அவனே நிற்கட்டும். தன் குடியைப் பற்றிக் கதைக்க அவனுக்கு மனம் வந்து, நேரில் கிளினிக்குக்கு வர வெட்கமாக இருந்தால், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். பெயர் சொல்லாமலும் கதைக்கலாம்.